சண்டை போடாத மனுஷன்

என் கணவருக்கு மூக்குக்கு மேல் கோபம். லிஃப்ட் மெக்கானிக். வேலையில் எவ்வளவு பொறுமையோ வீட்டில் அவ்வளவு வாய். நானும் சளைத்தவள் இல்லை. மின்விசிறியைக் குறைப்பதா கூட்டுவதா என்று தொடங்கினால், கல்யாணத்தன்று என் மாமா என்ன சொன்னார் என்பதில் வந்துதான் நிற்கும்.

வேலையிடத்தில் ஏணியிலிருந்து விழுந்தார். மூளையைச் சுற்றி ரத்தம் கட்டிக்கொண்டது. மண்டையோட்டைத் திறந்து அதை எடுத்தார்கள். "இந்த மாதிரி அடியில நிறைய பேர் பிழைக்கிறதே இல்லம்மா," என்றார் டாக்டர். இவர் பிழைத்தார். நடந்தார், பேசினார், வேலைக்கும் போய்விட்டார். கோபம் மட்டும் போனது போனதுதான்.

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? பிறகு தாங்கவில்லை. எதைக் கேட்டாலும் "சரி", "உன் இஷ்டம்". வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத ஆளாகிவிட்டார். ஒரு காலை, வேண்டுமென்றே காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"கொஞ்சம் உப்பா இருந்துச்சு. பரவாயில்ல."

சமையலறைக்குள் போய் அழுதேன்.

நாத்தனாரிடம் சொல்லிப் பார்த்தேன். "ஊர்ல அவஅவ புருஷன் திட்றான்னு அழறா. நீங்க திட்டலன்னு அழறீங்களே அண்ணி! கொடுத்து வெச்சவங்க நீங்க," என்று சிரித்தாள். அதற்கப்புறம் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. யாரோ ஒரு நல்ல மனிதரோடு ஒரே கட்டிலில் தனியாகக் கிடந்தேன்.

ஆபரேஷன் முடிந்து ஆறாம் மாதம் ஆஸ்பத்திரியில் செய்யும் பரிசோதனையைத்தான் நம்பியிருந்தேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. நோயாளியைக் கேட்டு முடித்ததும் வெளியே அனுப்பிவிட்டு, வீட்டாரைத் தனியாகக் கேட்பார்கள். 'நல்லா இருக்கேன்' என்று நோயாளி சொல்வதை அவர்கள் அப்படியே நம்புவதில்லையாம். கோபத்தைத் திருப்பித் தர ஏதாவது வைத்தியம் இல்லாமலா போகும் என்று நினைத்தேன்.

"சும்மா சும்மா எரிஞ்சு விழறாரா?" நர்ஸ் கேட்டார்.

"இல்ல சிஸ்டர்."

"வீட்ல சண்டை சச்சரவு?"

"சண்டையே இல்ல. அதுதான் சிஸ்டர் எனக்கு... முன்னாடி தினமும் போடுவோம்."

"அப்ப முன்னைவிட நல்லா இருக்காரே! முழு மார்க்கும்மா."

நர்ஸைக் குறை சொல்ல முடியாது. தலையில் அடிபட்டு நெருப்பாக மாறி வீடு திரும்புகிறவர்களுக்காக எழுதிய கேள்விகள் அவை. தண்ணீராகத் திரும்பியவரைப் பற்றிக் கேட்க அவரிடம் கேள்வியே இல்லை.

வெளியே பெஞ்சில் காத்திருந்தவர் என் முகத்தைப் பார்த்தார். "ஏன், நான் ஃபெயிலா?"

"முழு மார்க்குங்க."

"அப்புறம் எதுக்கு அழற?"

"என்கூட சண்டை போட மாட்டேங்கறீங்க!" கத்தியேவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் என்னைப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"எனக்கும் தெரியும். தேடித் தேடிப் பாத்துட்டேன், கோபம் வரமாட்டேங்குது. உங்கிட்ட சொன்னா பயந்துடுவியோன்னு சொல்லல." என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த இடத்துல நான் என்ன சொல்லியிருப்பேன்? சொல்லிக் குடு."

"'வாயை மூடுடி, ஊரையே கூட்டறியா'ன்னு சொல்லியிருப்பீங்க."

பாடம் ஒப்பிப்பதுபோல், மெதுவாக, ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

"சரியா வந்துச்சா?"

"வந்துச்சுங்க," என்றேன்.