குடையோடு நடக்கும் பெண்

ஃபாஹிமா டீச்சர் வண்ணாத்திவில்லிலிருந்து இடமாற்றம் கிடைத்துப் புத்தளத்துக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பழகிய முகம் ஒன்றுமில்லாத ஊரில் சனிக்கிழமைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. தம்பி கட்டாரிலிருந்து அனுப்பிய கெமராவைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக நடக்கத் தொடங்கினாள். கையால் எழுதிய கடைப் பெயர்கள், ஆட்டோவின் முதுகில் தீட்டிய மயில், மீன் கடையின் நீலக் கதவு என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தாள்.

ஒரு பின்னேரம் படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தபோதுதான் கவனித்தாள். மூன்று வெவ்வேறு ஒழுங்கைகளில் எடுத்த படங்களில் ஒரே ஓவியம் இருந்தது. மதிலின் கீழ்ப்பக்கம், ஒரு சாண் உயரத்தில், கறுப்பு அபாயா உடுத்த ஒரு பெண் சிவப்புக் குடை பிடித்து நடந்துகொண்டிருந்தாள். மூன்றிலும் முதுகுதான் தெரிந்தது.

அதன் பிறகு அவளைத் தேடியே நடந்தாள். பள்ளிவாசலுக்குப் பின்னால், பேக்கரிச் சந்தில், களப்பின் கரைக்கு இறங்கும் பாதையில் என்று பதினொன்று கிடைத்தன. பன்னிரண்டாவதைக் கண்டபோது ஒருவர் குந்தியிருந்து அதைத் தீட்டிக்கொண்டிருந்தார். கெமராச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழும்பினார். அறுபது வயதிருக்கும்.

“இந்த ஊட்டு ஆக்கள் சொன்னாங்களா? அழிக்கச் சொன்னா அழிச்சிருவன்.”

“இல்ல நானா. நான் இதுகளப் படம் எடுத்துட்டு வாறன். இது யாரு?”

அவர் தூரிகையைத் துணியில் நெடுநேரம் துடைத்தார். பெயர் சரீப், கடைகளுக்கு போர்ட் எழுதுகிறவர்.

“என்ட மனுசி, ஸுல்பிகா. இருவத்திரண்டு வருசம் ஊடு ஊடாப் போய் பொம்புளப் புள்ளைகளுக்கு குர்ஆன் ஓதிக் குடுத்தவ. போன வருசம் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் வழங்கல்ல. அவ போன ஊடுகள்ட மதில்லதான் கீறுறன்.”

“அவங்களுக்குத் தெரியுமா?”

“இல்ல. கவலப்படுவா எண்டு சொல்லல்ல.”

ஃபாஹிமா மெதுவாகக் கேட்டாள்: “படங்களக் கொண்டு வந்து காட்டட்டா?”

சரீப் யோசித்தார். பிறகு வீட்டுக்கு வழி சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டு படங்களையும் அச்செடுத்துக்கொண்டு போனாள். ஸுல்பிகா ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். சரீப் கதவடியிலேயே நின்றுவிட்டார். டீச்சர் விஷயத்தைச் சொல்லிப் படங்களை மடியில் வைத்ததும், ஸுல்பிகா இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஓவியத்தைவிட மதிலைத்தான் அதிகம் பார்த்தார்.

“இது ஜவ்பர்ட ஊடு. மூத்த புள்ள கிதாபத் தொறந்தாலே பசிக்குது எண்டுவா. இது… பேக்கரிச் சந்து. மழ பேஞ்சா முழங்கால் மட்டும் தண்ணி நிக்கும்.” கடைசிப் படத்தைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். “எல்லாத்துலயும் ஏன் முதுகயே கீறியிருக்கீங்க?”

“நீ காலையில போகக்குள்ள நான் வாசல்ல நிண்டு பாப்பன். அந்த வளைவுல திரும்பும் மட்டும். அதத்தான் எனக்குக் கீறத் தெரியும்.”

“இருவத்திரண்டு வருசமுமா?”

“ஓம்.”

ஸுல்பிகா கடைசிப் படத்தை மறுபடி கையில் எடுத்தார். “ஒருக்காக் கூப்பிட்டிருந்தா திரும்பியிருப்பனே” என்றார். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபாஹிமாவின் பக்கம் திரும்பினார்.

“டீச்சர், இவர எடுங்க. இவர்ட படம் அடையாள அட்டையில மட்டுந்தான் இருக்கு.”

சரீப் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். முன்பக்கமெல்லாம் பெயின்ட். மாற்றிக்கொண்டு வருவதாக உள்ளே போகப் பார்த்தார்.

“அதோடயே நில்லுங்க.”

நின்றார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கண் கெமராவுக்கும் சுவருக்கும் அலைந்தது.

“டீச்சரப் பாக்காதீங்க” என்றார் ஸுல்பிகா. “என்னயப் பாருங்க.”

சரீப் அவரைப் பார்த்தார். ஃபாஹிமா ஒன்று எடுத்தாள், படம் ஆடிவிட்டதோ என்ற சந்தேகத்தில் இன்னொன்றும் எடுத்தாள். கெமராவை மூடிப் பைக்குள் வைத்த பிறகும் அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.