வேற ஏதாவது மாத்திரை எடுக்குறாரா?

1

இந்தக் கதை முதலில் ஒரு புகார்க் கடிதமாகத்தான் பிறந்தது. “வீட்ல ஒரு எழுத்தாளன் இருக்கான், இதுக்காவது உதவட்டும்” என்றாள் அக்கா. எழுதினேன். நான் எழுதியவற்றில் உடனடியாகப் பலன் தந்தது அது ஒன்றுதான். மருந்துக்கடையில் பதினோரு வருஷம் நின்ற ஒரு பெண்ணுக்கு வேலை போயிற்று.

2

முதல் தொடக்கம்: ‘கைபேசியில் மூழ்கியிருந்த அந்தப் பெண், சீட்டைச் சரியாகக்கூடப் பார்க்காமல்—’

(அடித்துவிட்டேன். கைபேசி என் காதில்தான் இருந்தது.)

இரண்டாவது தொடக்கம்:

அவளுக்குக் காலையிலிருந்து குதிகால் வலி. அலமாரியில் சாய்ந்தபடியே சீட்டைப் படித்தாள். நெஞ்சுச் சளிக்கு ஆன்டிபயாடிக், ஏழு நாளைக்கு. சீட்டில் வயது அறுபத்தெட்டு என்றிருந்தது. அந்த வயதில் ஒரு மாத்திரையோடு யாரும் நிற்பதில்லை என்பது அவள் அனுபவம்.

“அப்பா வேற ஏதாவது மாத்திரை எடுக்குறாரா?”

“இல்லீங்க.”

“பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால்?”

“ஒண்ணும் இல்லைன்னு சொல்றேன்ல. சீக்கிரம் குடுங்க, வண்டியக் குறுக்க நிறுத்திட்டு வந்திருக்கேன்.”

அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு கொடுத்தாள்.

(அப்பா ஆறு வருஷமாகக் கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறார். எனக்கு அது தெரியாது என்று எழுதிப் பார்த்தேன். வாக்கியம் நிற்கவில்லை. சாப்பாட்டு மேசையில் தினமும் பார்க்கிற அட்டை அது.)

அடிக்குறிப்பு போல ஒன்று: சில ஆன்டிபயாடிக்குகள், சிலவகைக் கொலஸ்ட்ரால் மாத்திரைகளை உடம்பு கழித்துவிடாமல் தடுக்கும். மாத்திரை ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். தசை சிதையும், சிதைந்தது சிறுநீரகத்தில் போய் அடைக்கும். டாக்டரைக் கேட்டு அந்த ஏழு நாள் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தியிருந்தால் போதும். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் இது இருந்தது. நான்தான் பெட்டியோடு குப்பையில் போட்டேன்.

3

நான்காம் நாள் அப்பா, “தொடையெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குடா” என்றார்.

“வயசானா வலிக்கத்தான்ப்பா செய்யும்.”

ஆறாம் நாள் சிறுநீர், பால் விடாத தேநீர் நிறத்தில் போனது. ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு அட்டைகளையும் கையில் எடுத்துப் பார்த்தார். “கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுறவருக்கு இதக் குடுக்குறப்ப கடையில ஒரு வார்த்தை கேக்கலையா?”

அக்கா என்னைப் பார்த்தாள்.

“எதுவும் கேக்கல டாக்டர்” என்றேன்.

4

விசாரணை கடை முதலாளியின் அறையில் நடந்தது.

“கேட்டேன் சார். இல்லைன்னுதான் சொன்னாரு.”

“அதுக்கு என்னம்மா அத்தாட்சி?”

அவள் என் பக்கம் திரும்பினாள். “தம்பி, நான் கேட்டது உங்களுக்கு ஞாபகம் இல்ல?”

இந்த இடத்தில் அவளை அழவைக்கலாமா என்று பார்த்தேன். அவள் கத்தினால் எனக்கு இன்னும் சௌகரியம். ஆனால் அவள் அழவுமில்லை, கத்தவுமில்லை. பதில் வரும் என்று நம்பி நின்றாள்.

“இல்லைங்க” என்றேன்.

5

முடிவு ஒன்று: அவள் வீட்டைத் தேடிப் போகிறேன். கதவைத் திறக்கிறாள். ‘பரவாயில்லை தம்பி’ என்று புன்ன—

சீ.

முடிவு இரண்டு: அப்பா இறந்துவிடுகிறார், உண்மை அவரோடு— அதுவும் இல்லை. அப்பா பக்கத்து அறையில் இருக்கிறார். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி ஏறும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தப் பொம்பள நல்லா இருப்பாளாடா?” என்கிறார். நான் அவர் கையைத் தடவிக்கொடுக்கிறேன். நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவர் அவர்தான். இதை இன்னும் கொடுக்கவில்லை.

நாளை மறுபடி ஊசி. அவர் கேட்பார். அப்போது நான் என்ன சொன்னேன் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் விட்டால், இந்த முறையும் என்னைத்தான் காப்பாற்றிக்கொள்வேன்.