பதினாறாம் தேதி மழை

1918 அக்டோபரில் விஷக் காய்ச்சல் வந்து, கண்டோன்மெண்டில் எங்கள் பள்ளிக்கூடத்தை இரண்டு வாரம் மூடினார்கள். அதற்குள் என் கணவர் தியோடரை அடக்கம் செய்து முடித்திருந்தேன். பள்ளி திறந்த அன்றே வேலைக்குப் போனேன். ‘அழுதுவிடு நோரா’ என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அழுகை வந்தால்தானே? சோறு போட்டால் சாப்பிட்டேன், மணி அடித்தால் எழுந்தேன். அவ்வளவுதான்.

அன்று மதியம் பெர்னதெத் மழை நோட்டோடு வந்து நின்றாள். பதின்மூன்று வயது. கேள்வி கேட்டே பிராணனை வாங்குகிறவள். போன வருஷம், இங்கே ஜூலையில்தான் மழை அதிகம் என்று பாடப் புத்தகத்தை நான் வாசித்தபோது, “எங்க வீடு அக்டோபர்லதான் டீச்சர் ஒழுகுது” என்றாள்.

“அப்படின்னா ஒரு வருஷம் அளந்து காட்டு. ஒரு நாள் விட்டாலும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்” என்றேன், வாயை அடைக்கத்தான். அவளோ ஜனவரி முதல் தேதியே பள்ளி முற்றத்தில் புனல் செருகிய பாட்டிலை வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகூட தொம்மலூரிலிருந்து நடந்து வந்து அளந்தாள்.

இப்போது நோட்டை என்னிடம் நீட்டினாள். “ஜொரத்துல நாலு நாள் படுத்துட்டேன் டீச்சர். வந்து பாத்தா பாட்டில் ஒடஞ்சு கெடக்குது. பதினாலுலேர்ந்து பதினேழு வரைக்கும் காலி.”

“சைபர் போடு. யாரு கேக்கப் போறாங்க?”

“மழ பேஞ்சிருந்தா?” அவள் கண் கலங்கியது. “சைபர் போட்டா புக்குதான் ஜெயிக்கும். ஜனவரிலேர்ந்து திரும்ப அளக்குறேன் டீச்சர். ஆனா பேஞ்சுதான்னு தெரியணும். பதினாறாந்தேதி நீங்க இங்கதானே இருந்தீங்க?”

பதினாறு, தியோடரை அடக்கம் செய்த நாள். கல்லறைத் தோட்டம் பள்ளியின் பின்சுவரை ஒட்டித்தான் இருக்கிறது.

“எனக்குத் தெரியாது, போ” என்று எரிந்து விழுந்தேன். உண்மையிலேயே தெரியவில்லை. யார் வந்தார்கள், பாதிரியார் என்ன படித்தார், ஒன்றும் நினைவில் இல்லை. அது எனக்கே அவமானமாக இருந்தது.

வீட்டுக்குப் போய், அன்று கழற்றி எறிந்த ஷூவைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தேன். மேல்வரை செம்மண் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. கொட்டுகிற மழையில் குழியில் தண்ணீர் நின்றது. மொண்டு கொட்டிவிட்டுத்தான் பெட்டியை இறக்கினார்கள். அவருக்கு ஈரம் ஆகவே ஆகாது. நாலு தூறல் பட்டாலே தும்முவார். ஷூவை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் பெர்னதெத்தைக் கூப்பிட்டேன். “பேஞ்சுது. குழியில தண்ணி நின்னுது. எவ்வளவுன்னு தெரியாது. முதல்லேர்ந்து வேணாம், இப்படியே தொடர்ந்து எழுது.”

‘பதினாறு: மழை உண்டு. அளவு தெரியாது. பார்த்தவர் நோரா டீச்சர்’ என்று எழுதினாள். “மத்த மூணு நாளுக்கு யாரக் கேக்கலாம் டீச்சர்?” என்றாள்.

எந்தக் குழி என்று மட்டும் அவள் கேட்கவில்லை.