நாற்காலி அடுக்கும் நேரம்

மூன்று நாள் தொடர் விடுமுறை என்றால் அந்தச் சின்ன ஊரில் ரொட்டிக் கடைக்காரரைக் கையில் பிடிக்க முடியாது. நகரத்துக்குப் பிழைக்கப் போனவர்கள் எல்லாம் காரும் பிள்ளைகளுமாக வந்து இறங்கி, காலையிலேயே அவர் அலமாரியைத் துடைத்து வைத்துவிடுவார்கள். கல்யாணம், பிறந்தநாள் என்று எதுவானாலும் அந்த மூன்று நாளுக்குள் திணித்தாக வேண்டும். இந்தத் தடவை ஒரு வழியனுப்பு விழாவும் சேர்ந்துகொண்டது.

போகிறவர் ஊருக்கே ஒலிபெருக்கி கட்டுகிறவர். மைக்கு என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். நகரத்தில் கடை போட்ட மகள், அப்பாவும் கூட இருந்தால் தேவலை என்று கூப்பிட்டுவிட்டாள். விடிந்தால் பயணம்.

அவரைப் பற்றிப் பேச ஒத்துக்கொண்டவர் வாடகை நாற்காலிக் கடைக்காரர். எந்த விசேஷமானாலும் இவர் நாற்காலி போடுவார், அவர் மைக் கட்டுவார். இரண்டு பேரின் பாதி வாழ்க்கை ஒரே டெம்போவில்தான் ஓடியிருக்கிறது. ஊர் அவரை மைக்கு என்றால் இவரைச் சும்மா விடுமா? இவர் நாற்காலி.

நாற்காலிக்கு மேடை என்றாலே ஆகாது. ஆனாலும் தானாக முன்வந்து பேசுகிறேன் என்றார். காரணம் இருந்தது. போன வருஷம் மனைவி ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, மைக்குதான் நாற்காலிக் கடையையும் சேர்த்து இழுத்தார். நாற்காலி ஏற்றி, இறக்கி, கழுவி, முதுகு பிடித்துக்கொண்டும் ஒரு முணுமுணுப்பு இல்லை. அதற்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல நாற்காலிக்கு வாய் வரவில்லை. சொல்ல ஆரம்பித்தால் மைக்கு, “டீ சொல்லுடா,” என்று பேச்சை மாற்றிவிடுவார். இப்போது சொல்லாமல் அனுப்பிவிட்டால் அப்புறம் எப்போது சொல்வது?

பள்ளிக்கூட மண்டபத்தில் நல்ல கூட்டம். தலைமை ஆசிரியர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். அடுத்தது தன் முறை என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதற்றம் வந்தால் அவர் கை சும்மா இருக்காது. பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை எடுத்து இன்னொன்றின் மேல் போட்டார். டப். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. எழுந்து நின்று அடுத்ததையும் போட்டார். டப்.

அந்த ஊரில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான்: முடிந்தது, கிளம்புங்கள். நாற்காலியே இத்தனை காலம் பாடுபட்டு ஊருக்குப் பழக்கிவைத்தது. பின்வரிசை எழுந்தது. நடுவரிசை செருப்பைத் தேடியது. தலைமை ஆசிரியர்கூட, “ஆக, எல்லாருக்கும் நன்றி,” என்று அவசரமாக முடித்துக்கொண்டார். நாற்காலி நிமிர்ந்து பார்த்தபோது அவர் பக்கத்தில் மார்பளவுக்கு ஓர் அடுக்கு. எதிரே வெறும் மண்டபம்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “ஏங்க, நீங்க பேசறதுக்கு முன்னாடியே கூட்டத்தை அனுப்பிட்டீங்களே.”

தன் வழியனுப்பு விழாவுக்குத் தானே மைக் கட்டியிருந்த மைக்கு, ஒலிபெருக்கிப் பெட்டியருகே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பொழைச்சடா நீ. வா, டீ குடிக்கலாம்,” என்று ஒயரை உருவப் போனார்.

நாற்காலிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தன் கை மேலேயே வந்த கோபம். “அதுல கை வைக்காத. உக்காரு,” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று மேடை ஏறினார்.

மைக்கு சிரிப்பை நிறுத்தாமலே விசையில் கை வைத்து உட்கார்ந்தார். “கிட்ட வச்சுப் பேசு. கடிக்காது.”

“அவ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நீ இல்லன்னா நான் தெருவுல நின்னிருப்பேன்.” குரல் பாதியில் கம்மியது. “நீ போறது எனக்குப் பிடிக்கல.”

“கேக்கல,” என்றார் மைக்கு.

“நீ போறது எனக்குப் பிடிக்கலடா.”

“இன்னும் கொஞ்சம் சத்தமா.”

“பிடிக்கலன்னு சொல்றேன்ல, செவிட்டுப் பயலே.” மண்டபம் அதிர்ந்தது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

நாற்காலிக்கு மூச்சு வாங்கியது, ஆனால் நெஞ்சு லேசாகிவிட்டது. இறங்கி வந்து பெட்டியைப் பார்த்தார். சத்தம் கூட்டும் திருகு முதலிலிருந்தே முழுக்கத் திருகி வைக்கப்பட்டிருந்தது.

“மொதல்லயே கேட்டுச்சா?”

“கேட்டுச்சு,” என்றார் மைக்கு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு. “இன்னொரு தடவை கேக்கணும்போல இருந்துச்சு.”