தப்பாகச் சொல்ல ஒரு ஆள்

தப்பான பதிலை யாரிடம் ஒப்படைப்பது என்பதுதான் அறிவியல் டீச்சருக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. சரியான பதிலைச் சொல்ல வகுப்பில் பாதிப்பேர் தயார். பரீட்சையில் தாராளமாகத் தப்பு எழுதுகிறவர்கள்கூட, நாலு பேர் முன்னால் அதைச் சொல்லச் சொன்னால் பின்வாங்கினார்கள். "எனக்கு வேணாம் டீச்சர், எல்லாரும் சிரிப்பாங்க" என்று கடைசி பெஞ்சுத் தடியன் நெளிந்தான். தவளை இலை வழியாக மூச்சு விடுகிறது என்று எழுதியவன் அவன்தான். கடைசியில் 'ஊசி'யிடமே போக வேண்டியதாயிற்று. ஆள் ஒல்லி, கேள்வி குத்தும் என்பதால் வகுப்பு வைத்த பெயர். எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குகிற பெண். தப்பைத் தப்பில்லாமல் சொல்ல அவளை விட்டால் ஆளில்லை.

எல்லாம் அந்தப் பயிற்சி வகுப்பால் வந்த வினை. விரிவுரை செய்து பாடம் நடத்தக் கூடாது என்பதைப் பற்றி அங்கே ஒருவர் காலையிலிருந்து மாலைவரை விரிவுரை செய்தார். பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடிக்க வேண்டும், கேள்வி கேட்டதும் சிந்திக்க நேரம் தர வேண்டும், தவறான பதிலை முகம் சுளிக்காமல் வரவேற்க வேண்டும். நல்ல விஷயம்தான், டீச்சர் மறுக்கவில்லை. ஆனால் இதையெல்லாம் பார்வையிட அதிகாரி வருகிறார் என்றதும் தலைமையாசிரியர் ஒத்திகை பார்க்கச் சொல்லிவிட்டார். ஆகவே ஒரு வாரமாகப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். கேள்வி விழுந்ததும் எல்லோரும் மோவாயில் விரல் வைத்து விட்டத்தைப் பார்க்க வேண்டும். அது சிந்தனை. பிறகு ஊசி எழுந்து தப்பாகச் சொல்வாள், டீச்சர் புன்னகையோடு வரவேற்பார், அப்புறம் முதல் பெஞ்சு உண்மையைக் கண்டுபிடிக்கும்.

சோதனை பழையதுதான். தட்டில் தண்ணீர், நடுவில் எரிகிற மெழுகுவர்த்தி. மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். எரிந்து தீர்ந்த ஆக்சிஜனின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது என்பது சரியான பதில். தப்பான பதிலை டீச்சர் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே தயாரித்தார். நம்பும்படியும் இருக்க வேண்டும், சரியாகவும் இருந்துவிடக் கூடாது.

"சூட்டுல காத்து விரிஞ்சு கொஞ்சம் வெளிய போயிடுது, ஆறினதும் மிச்சம் சுருங்குது, அதான் தண்ணி ஏறுது" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்.

"யாருக்கு இந்த வசனம்?" கட்டிலிலிருந்து கணவர் கேட்டார். பக்கவாதத்தில் வலது கையும் காலும் வராமல் போனதிலிருந்து அவருடைய நாக்கு அவற்றின் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தப்பா சொல்ற பொண்ணுக்கு."

"ஓஹோ. நீயும் நல்லா நடிச்சுட்டு வா. அந்தாளு மனசு வெச்சா பக்கத்து ஸ்கூலு. மத்தியானம் ஒரு மனுஷ முகத்தைப் பாப்பேன்."

சிரிப்பாகத்தான் சொன்னார். போன மாதம் ஒரு மத்தியானம் குளியலறை வாசலில் விழுந்தவர், டீச்சர் இரண்டு பஸ் மாறி இருட்டும் நேரத்தில் வீடு வந்து சேரும்வரை அங்கேயே கிடந்தார். இட மாற்றம் கேட்டு டீச்சர் எழுதிய மனு இதே அதிகாரியிடம்தான் இருந்தது. "வகுப்பு மட்டும் நல்லா அமையட்டும், நானே பேசறேன்" என்று தலைமையாசிரியர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அதிகாரி வந்த அன்றைக்குத்தான் அறிவியல் பெட்டி முதன்முதலாகத் திறக்கப்பட்டது. உடைந்தால் யார் பதில் சொல்வது என்பதால், அதுவரை அது தலைமையாசிரியர் அறை அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே அறிவியலை வளர்த்துவந்தது. அதிகாரி ஜன்னலோரம் நாற்காலியில் அமர்ந்தார். சுடர் அணைந்தது, தண்ணீர் ஏறியது, டீச்சர் ஏன் என்று கேட்டார். வகுப்பு மொத்தமும் மோவாயில் விரலை வைத்துச் சிந்தித்தது. தடியன் இரண்டு விரல் வைத்துச் சிந்தித்தான்.

ஊசி எழுந்தாள். சூட்டில் காற்று விரிந்து வெளியே போவது, ஆறினதும் மிச்சம் சுருங்குவது, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

"நல்ல முயற்சி" என்று டீச்சர் புன்னகைத்தார். அதிகாரியின் தலை திருப்தியாக அசைந்தது. அவள் இப்போது உட்கார வேண்டும். உட்காரவில்லை.

"டீச்சர், நேத்து வீட்ல செஞ்சு பாத்தேன். ஒரு மெழுகுவர்த்திய விட மூணு வெச்சா தண்ணி ரொம்ப மேல ஏறுது. அதே டம்ளர்தான். அதுக்குள்ள இருக்கற ஆக்சிஜனும் அவ்வளவுதானே? அது தீர்றதுதான் காரணம்னா ரெண்டு தடவையும் ஒரே அளவுதானே ஏறணும்?" கொஞ்சம் தயங்கினாள். "எனக்குக் குடுத்த தப்புதான் டீச்சர் சரியா வருது."

தலைமையாசிரியருக்கு இருமல் வந்தது. தேவைக்கு அதிகமாகவே இருமினார். அதிகாரிக்கு அந்தக் 'குடுத்த' காதில் விழுந்ததோ இல்லையோ, முகத்தில் மாற்றமில்லை. "தவறான பதிலை வரவேற்றாச்சு. ரொம்ப அருமை. இப்ப திருத்திடுங்க மேடம், எனக்கு இன்னொரு ஸ்கூல் இருக்கு."

திருத்துவது பெரிய காரியமில்லை. 'உக்காரும்மா' என்ற ஒரு வார்த்தை போதும். இத்தனை வருஷமாக எத்தனையோ பிள்ளைகளை அந்த ஒரு வார்த்தையால் திருத்தியிருக்கிறார். அது தொண்டைவரை வந்தும்விட்டது. உடம்பெல்லாம் அசதி. குளியலறை வாசலும், ஈரத்தில் கிடந்த அந்த வலது கையும் கண்ணுக்குள் வந்தன. ஊசி நின்றுகொண்டே இருந்தாள். அவள் முகத்தில் திமிர் இருந்திருந்தாலாவது சுலபமாக இருந்திருக்கும். பதில் தெரிந்துகொள்ளத்தான் நின்றாள்.

டீச்சருக்கும் அது தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வருஷா வருஷம் வீட்டு டம்ளரை வைத்துச் செய்கிற சோதனை. ஒருமுறைகூட அதைப் பார்த்ததில்லை. முதுகைக் காட்டினால் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும் என்று, கண்ணைப் பிள்ளைகள் மேல் வைத்துக்கொண்டு, கையால் மட்டும்தான் டம்ளரைக் கவிழ்த்திருக்கிறார்.

"சார், மெழுகுவர்த்தி இன்னும் ரெண்டு வேணும்."

"பெட்டியில ஒண்ணுதான் மேடம்" என்றார் தலைமையாசிரியர்.

"கரண்ட் போனா உங்க மேசையில ஏத்தறது இருக்கே."

அவர் டீச்சரின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "டிரான்ஸ்பர் ஞாபகம் இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார். மெழுகுவர்த்தியும் வேணும்."

தடியன் கேட்காமலே ஓடிப்போய் எடுத்துவந்தான். அதிகாரி ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தலைமையாசிரியரைப் பார்த்தார். வெளியே அதிகாரியின் டிரைவர் காரைக் கிளப்பும் சத்தம் கேட்டது. மூன்று சுடரும் சீராக எரியும்வரை டீச்சர் காத்திருந்தார். பிறகு மேசைக்கு முன்னால், அதிகாரிக்கும் வகுப்புக்கும் சேர்த்து முதுகைக் காட்டியபடி, வலிக்கிற முட்டியை ஊன்றித் தரையில் உட்கார்ந்தார். தட்டு அவர் கண்ணுக்கு நேராக வந்தது. டம்ளரை மெல்ல இறக்கினார். பின்னால் பெஞ்சுகள் நகர்ந்தன, யாரோ யார் மேலோ சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். டம்ளரின் விளிம்பைச் சுற்றி, தண்ணீருக்கு அடியிலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றுக் குமிழிகள் வெளியே வந்து உடைந்துகொண்டிருந்தன.