பாம்பூஃப்ளாட் போன பந்தல்

போன பிப்ரவரியில், அந்தமானில் சாத்தாம் ஜெட்டி என்கிற படகுத்துறைக்குப் பக்கத்து மைதானத்தில் நடந்த புத்தகத் திருவிழாவின் கடைசி நாள் சாயங்காலம் நாலே முக்காலுக்கு, கருத்தரங்குப் பந்தல் நாற்பத்தேழு பேரையும் இரண்டு மின்விசிறிகளையும் ஏற்றிக்கொண்டு கடல்மேல் கிளம்பி அக்கரையிலிருக்கிற பாம்பூஃப்ளாட் போய்ச் சேர்ந்தது. வழக்கமாகப் படகு பதினைந்து நிமிடத்தில் கடக்கிற தூரம். பந்தலுக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. ஏன் அவ்வளவு நேரம் என்றுதான் அக்கரையில் காத்திருந்தவர்கள் கேட்டார்கள். எப்படி மிதந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

தாமதத்துக்குக் காரணம் ரீத்தா. பாம்பூஃப்ளாட்டில் கருவாடு போடுகிறவர். குளச்சல் பக்கமிருந்து வந்த குடும்பம். பதினோரு வருடம் எழுதி, ‘நண்டுக்கு எட்டு வாசல்’ என்று ஒரு கதைத் தொகுப்பு கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு வரியைக்கூட அவர் கணவர் தாமஸ் படித்ததில்லை. “எனக்கு எழுத்தக் கண்டாலே தல சுத்தும். நீ மேடையில ஏறி வாசி பிள்ள, அப்பக் கேக்கேன்” என்று மாதா மேல் ஆணையிட்டிருந்தார். மேடையும் கிடைத்தது. ஆனால் விழாச் செயலாளர் சுரேந்திரன் நல்ல நேரத்தையெல்லாம் மெயின்லேண்ட் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டு, ரீத்தாவைக் கடைசி நாள் கடைசியில், நாலே முக்காலுக்குப் போட்டார். “லோக்கல் ஆளுங்கதானே, எங்க ஓடிடப் போறாங்க?” என்றாராம். அட மனுஷா, ஓடப்போவது கேட்க வந்தவர்கள் அல்லவா! ஐந்து மணிப் படகை விட்டால் அக்கரைக்காரர்களுக்கு வீடு போய்ச் சேர்வது பெரும்பாடு. அதைவிடக் கொடுமை, அந்த ஐந்து மணிப் படகை ஓட்டுகிறவரே தாமஸ்தான்.

தீவுக்காரர்கள் எதற்கு எழுந்திருக்காவிட்டாலும் படகுச் சங்குக்கு எழுந்துவிடுவார்கள். முதல் நாள் ‘நாவலின் எதிர்காலம்’ பற்றிய உரையாடல் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுபோனது. எதிர்காலம் என்ன ஆயிற்று என்று இன்னும் தெரியவில்லை. இரண்டாம் நாள் ஒரு கவிஞர் மைக்செட்காரருக்கு மட்டும் ஒன்பது கவிதை வாசித்தார். பாவம், அவரும் காதில் பஞ்சு வைத்திருந்தார்.

கடைசி நாளான மூன்றாம் நாள் பேராசிரியர் சொக்கலிங்கம் இருபது நிமிடம் வாங்கி ஒன்றேகால் மணி நேரம் பேசி முடித்தபோது, சனங்கள் பைகளைத் தோளில் மாட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நிகழ்ச்சித் தொகுப்பாளர் வேறு, கப்பலுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டிருந்ததால், ஜெட்டியில் பதினான்கு வருடமாகப் படகு அறிவிப்பு செய்கிற ஆக்சிலியாவைக் கையோடு இழுத்துவந்து மைக்கைக் கொடுத்தார் சுரேந்திரன். ஆக்சிலியா தொண்டையைச் செருமினார். பழக்கம் யாரை விட்டது? “யாத்ரீகண் கிருபயா த்யான் தே. பயணிகளின் கனிவான கவனத்திற்கு. எழுத்தாளர் ரீத்தா தாமஸ் மேடை எண் ஒன்றிலிருந்து பாம்பூஃப்ளாட் நோக்கி இன்னும் சில நிமிடங்களில் புறப்படும். கரையில் நிற்பவர்கள் விரைந்து ஏறவும்.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் எழுந்தவர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். போகிற வண்டி இதுதான் என்று ஆனபின் எதற்கு இறங்குவது? ஆக்சிலியா அறிவித்து எதுவும் புறப்படாமல் இருந்ததில்லை. பந்தலும் அந்தப் பெயரைக் கெடுக்க விரும்பவில்லை போலும். மூங்கில் கால்கள் ஒவ்வொன்றாக மண்ணிலிருந்து கழன்றன. மைதானத்து ஓரத்தை ஒருமுறை இடித்துவிட்டு, மேடை முன்னால், நாற்காலிகள் பின்னால் என்று கடலில் இறங்கியது.

“அரே ரோக்கோ, ரோக்கோ! நிறுத்துங்க! பர்மிஷன் வாங்கல!” என்று சுரேந்திரன் தூணைக் கட்டிப்பிடித்துக் கத்தினார்.

“சார், அனவுன்ஸ் பண்ணியாச்சு. பைட்டோ, உக்காருங்க” என்றார் ஆக்சிலியா.

டீக்காரர் ஒரு சொட்டு சிந்தாமல் டீ கொடுத்துக்கொண்டு போனார். ரீத்தா வாசிக்க ஆரம்பித்தார். படகில் ஒரு கூடை நண்டு அவிழ்ந்துகொண்டு ஓட, படகோட்டி பயந்துபோய்க் கூரைமேல் ஏறி நின்றுகொள்கிற கதை. அடேயப்பா, என்ன சிரிப்பு! காற்றுக்குப் பந்தல் துணி படபடக்க, நாற்காலி வழுக்கி நாற்காலியில் மோத, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பேராசிரியரே இடது கால் தண்ணீரில் நனைவது தெரியாமல் சிரித்தார்.

ஐந்து மணிக்குத் தாமஸ் மூன்று பைக்கையும் ஓர் ஆட்டையும் மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அக்கரைக்குக் கிட்டத்தில் பந்தலை எட்டியவர், மேடையில் மனைவியைக் கண்டதும் இன்ஜினை அணைத்தார். ரீத்தா வாசிப்பதை நிறுத்திவிட்டார். கதை பாதிக்கு மேல் போயிருந்தது. பாம்பூஃப்ளாட் விளக்குக் கம்பம் எட்டித் தொடுகிற தூரத்தில் வந்துவிட்டது. கரை தட்டினால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். பாதியிலிருந்து கேட்டால் தாமஸுக்கு என்ன விளங்கும்? ரீத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த ஆக்சிலியா மைக்கைப் பிடுங்கினார். “தவிர்க்க முடியாத காரணத்தால் எழுத்தாளர் ரீத்தா தாமஸ் தாமதமாகச் சென்றடையும். இடையூறுக்கு வருந்துகிறோம்.”

அந்தமானில் அந்த அறிவிப்புக்கு யாரும் கைதட்டியதாகச் சரித்திரம் இல்லை. அன்று தட்டினார்கள். பந்தல் பதவிசாகத் திரும்பி, துறைமுகத்தை இன்னொரு சுற்று சுற்றப் போனது. பக்கத்திலேயே தாமஸின் படகு மிதந்து வந்தது. ரீத்தா முதல் பக்கத்தைப் புரட்டி, முதல் வரியிலிருந்து வாசித்தார்.

நாற்பத்தேழு பேரும் இரண்டாம் முறையும் அதே இடத்தில் சிரித்தார்கள். தாமஸ் மட்டும் சிரிக்கவில்லை. கூரைமேல் நிற்பது யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. ரீத்தா ஓரக்கண்ணால் பார்த்தபடியே கடைசிப் பக்கம் வரை போய்ப் புத்தகத்தை மூடினார். அப்புறம் தாமஸ் சிரித்தார் பாருங்கள், ஆடு மிரண்டு பைக்மேல் ஏறிவிட்டது.

கரையில் பந்தலை இழுத்துக் கயிறு கட்டியவர் அவர்தான். “கதைய முடிச்சிட்ட, அவன எறக்கி விடலியே பிள்ள. இன்னும் மேலயே நிக்கான்” என்றார்.

“எறங்கணும்னா அடுத்த பொஸ்தகம் வரணும்லா” என்றார் ரீத்தா.

பந்தல் இப்போதும் அங்கேதான் நிற்கிறது. மழைக்கு ஒதுங்க வசதி. ஐந்து மணிப் படகு இருபது நிமிடம் தாமதமாக வந்ததற்கு மறுநாள் விளக்கம் கேட்டார்கள். எழுத்தைக் கண்டாலே தலை சுற்றுகிற தாமஸ், படிவத்தை வாங்கி, காரணம் என்ற கட்டத்தில் தன் கையாலேயே எழுதினார்: ‘மனைவி வாசித்துக்கொண்டிருந்தாள்.’ அலுவலகம் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டது.