ஐநூறு யூனிட்டுக்குள்

மதன்குமார் காலையில் கண் விழித்ததும் சாமி படத்தைப் பார்ப்பதில்லை, கரண்டு மீட்டரைத்தான் பார்ப்பான். இரண்டு மாதக் கணக்கு ஐநூறு யூனிட்டைத் தாண்டினால் பில் எகிறிவிடும். தாண்டவிடக் கூடாது என்பதுதான் சிங்காநல்லூரில் அந்த வீட்டின் சட்டம். பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர், சம்பளத்துக்கு ஒரு குறையும் இல்லை. இருந்தும் தேய்ந்த சோப்பைப் புது சோப்பின் முதுகில் ஒட்ட வேண்டும், பால் பாக்கெட்டை அலசிய தண்ணீரையும் காப்பியில் ஊற்ற வேண்டும், உழவர் சந்தைக்குக் கடை கட்டுகிற நேரம் பார்த்துத்தான் போக வேண்டும். கல்யாணமான புதிதில் லோகப்பிரியா முணுமுணுத்தாள், பிறகு சண்டை போட்டாள், கடைசியில் அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

அப்பா சுப்பண்ணன் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றிருந்தாள். அம்மா போன பிறகு அவர் காங்கேயம் பக்கம் தோட்டத்தில் தனியாக இருக்கிறார். வலது கண்ணில் புரை ஆபரேஷன் ஆகி மூன்று நாள்தான் ஆகிறது. கண்ணில் வியர்வை இறங்கக் கூடாது, தூசி படக் கூடாது, வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊருக்கு விட்டால் மனுஷன் மறுநாளே மாட்டுக் கொட்டகையில் நிற்பார். அதனால் ஒற்றைக் காலில் நின்று அவரை இங்கே கூட்டிவந்திருந்தாள்.

மதன்குமார் வேண்டாம் என்று சொல்லவில்லை. "வாங்க மாமா, உங்க ஊடு மாதிரி நெனச்சுக்குங்க" என்று வாய் நிறையச் சொன்னான். சொல்லிவிட்டுச் சமையலறைக்கு வந்து குரலைத் தணித்தான்.

"ரீடிங் எடுக்க இன்னும் ஒரு வாரம் இருக்குது அம்மணி. இப்பவே நானூத்தம்பது ஓடிப்போச்சு. பாத்து நடந்துக்க."

"எங்கப்பாவுக்கு ஓடற ஒரு ஃபேன்லதான் உங்க ஊடு முழுகிப்போவுதாக்கும்?"

"நான் என்னத்தைச் சொல்லிப்போட்டேன்? பொதுவாத்தான் சொன்னேன்."

இந்தப் 'பொதுவா'வைக் கேட்டுக் கேட்டே அவளுக்குப் பாதி உயிர் போயிருந்தது. அப்பாவின் அறைக்குப் போய், வேண்டுமென்றே சத்தம் கேட்கும்படி ஃபேனை முழு வேகத்துக்குத் திருகினாள்.

மறுநாள் மதியம் மதன்குமார் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். அவன் போவதற்குக் கொஞ்சம் முன்னால் லோகப்பிரியா அப்பாவுக்கு மருந்து விட்டு, கண்ணை மூடிப் படுக்கச் சொல்லி, வெளிச்சம் வராமல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். துணி துவைத்து, பாத்திரம் கழுவி, அடுத்த வேளை மருந்துக்குக் கதவைத் தள்ளியவளின் முகத்தில் அனல் அடித்தது. மேலே மொட்டை மாடி, சித்திரை வெயில், ஃபேன் அசையவில்லை. அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, நெற்றி வியர்வை கண்ணுக்கு இறங்கிவிடாமல் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. ஆபரேஷன் செய்த கண் செக்கச்செவேலென்று இருந்தது.

ஹாலில் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்டது. கரண்டு போகவில்லை. சுவிட்சைத்தான் யாரோ அணைத்திருக்கிறார்கள். அதைப் போட்டுவிட்டு, கணவனை அழைக்க அவள் ஃபோனை எடுத்தாள்.

"சாப்பிட வந்த மனுசன் அணைச்சுப்போட்டுப் போயிருக்கறாரு பாருங்கப்பா! இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாக்காம உடறதில்லை."

"மாப்ளையத் திட்டாத கண்ணு. அவரில்லை, நீதான்."

"நானுங்களா?"

"மருந்து ஊத்திப்போட்டுப் போறப்ப நீதான் அணைச்சுப்போட்டுப் போன. கண்ணை மூடியிருந்தா உன்ற நடை எனக்குத் தெரியாதா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். அணைத்தது நினைவில்லை, ஆனால் கதவோரம் கை சுவிட்சுப் பலகைக்குப் போனது நினைவிருந்தது. எந்த அறையை விட்டு வெளியேறினாலும் அந்தக் கை அங்கே போகும். யாரைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தாளோ அவனுடைய சட்டம் தன் கையிலேயே குடியேறிவிட்டதே என்று அவளுக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாமுங்களேப்பா!"

"மாப்ள அணைச்சிருந்தாக் குடுத்திருப்பேன், மறந்தாப்புல அணைச்சுப்போட்டீங்கன்னு. நீயே அணைக்கறயேன்னா, ஊட்டுல என்னமோ செரமமாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். நீயா வாயத் தொறந்து சொல்ல மாட்ட, நாமதான் புரிஞ்சு நடந்துக்கோணும். நான் சாயந்தரப் பஸ்ஸுக்குக் கெளம்பறேன் கண்ணு."

"செரமமெல்லாம் ஒண்ணுமில்லீங்கப்பா! அவருக்கு நல்ல சம்பளமுங்க. கடன் கிடன் எதுவும் இல்லீங்க."

சுப்பண்ணன் நல்ல கண்ணால் அவளைப் பார்த்தார். கோபமில்லை, நிஜமாகவே புரியாத பார்வை.

"செரமமில்லீன்னா அப்பறம் எதுக்குக் கண்ணு அணைச்ச?"

பழக்கமுங்க என்று சொல்ல வாயெடுத்தாள். நீங்கள் படுத்திருந்த அறையும் எனக்கு ஆளில்லாத அறைதான் என்று சொல்வதுபோல அது அவள் காதிலேயே பட்டது. அவர் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கொஞ்சம் செரமந்தானுங்கப்பா," என்றாள்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அதைச் சொல்றதுக்கு என்ன? எல்லார்த்துக்கும் வாரதுதான். தேங்கா வெட்டுனதும் ஏதோ அனுப்பி உடறேன். மாப்ளைக்குத் தெரிய வேண்டாம், சங்கடப்படுவாரு."

பையை இழுத்து வேட்டியை மடித்து வைத்தார். பிறகு மருந்துக் குப்பியை எடுத்து, ஊரில் தானே ஊற்றிக்கொள்ளப் பழக வேண்டும் என்று தலையை அண்ணாந்து, ஒரு விரலால் இமையை விலக்கிப் பிடித்துக் குப்பியை அழுத்தினார். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது.